வாசல் தண்ணீர்

காலையில் எழுந்ததும் சாலேவா செய்கிற முதல் வேலை முழங்கால் போடுவது. முகம் கழுவுவதெல்லாம் அதற்கப்புறம்தான். ஓரகத்தி மொஜிசோலாவின் அறை வாசலில் இரண்டு முழங்காலையும் சிமென்டுத் தரையில் ஊன்றி, ராத்திரி நன்றாகத் தூங்கினீர்களா அக்கா என்று கேட்பாள். உள்ளேயிருந்து ஒரு 'ம்' வரும். மனசு நன்றாக இருக்கிற நாளில் 'எழுந்திரு' என்று வரும். முப்பது வருஷத்துக்கு மேலாக இப்படித்தான் நடந்து வருகிறது. முழங்கால் தேய்ந்ததே தவிர இந்த வழக்கம் தேயவில்லை. கஞ்சியம்மாவை அடக்கம் செய்வதற்கு முதல் நாள் காலையிலும் அப்படித்தான் போய் நின்றாள். ஒரு முழங்கால் தரையைத் தொட்டுவிட்டது, மற்றது பாதி வழியில் இருந்தது. அப்போது லபாகே வந்து அவளுடைய மேல்கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"எழுந்திரு. நீ இவளுக்கு முட்டி போட வேண்டியவ இல்ல. இவதான் உனக்குப் போடணும்."

சாலேவாவுக்கு முதலில் இது ஏதோ விளையாட்டு என்று பட்டது. லபாகே அவளுக்கு நாத்தனார். அவர்கள் ஊரான இகிரேயில் நாத்தனாரும் ஒரு வகையில் புருஷன்தான். வீட்டு மருமகள்கள் அவளைப் 'புருஷா' என்றுதான் கூப்பிட வேண்டும், பேரைச் சொல்லக் கூடாது. முன்பல்லில் இருக்கும் இடைவெளியை வைத்து சாலேவா அவளுக்குப் பல்லழகி என்று பேர் வைத்திருந்தாள். லாகோஸில் குடியிருப்பவள், சாவுக்கு வந்த இடத்தில் மருமகள்களைச் சீண்டிப் பார்ப்பது புருஷமார்களின் உரிமை. ஆனால் லபாகே சிரிக்கவில்லை. அதற்குள் மொஜிசோலா முந்தானைத் துணியை மார்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு கதவருகே வந்துவிட்டாள். ஒருத்தி அரை முழங்காலில் தொங்குவதையும் இன்னொருத்தி அவளைக் கோழிபோலப் பிடித்துக்கொண்டிருப்பதையும் பார்த்தாள்.

"ஒண்ணு கீழ போடு, இல்ல நேரா நில்லு. இப்படி நின்னா இடுப்பு பிடிச்சுக்கும்," என்று சாலேவாவிடம் சொல்லிவிட்டுப் போய்ப் பல் தேய்க்கிற குச்சியை எடுத்துக்கொண்டாள். சாலேவா நேராக நின்றாள். அது தவறு என்று நின்ற பிறகுதான் தோன்றியது.

ஒலோடே வீட்டில் மருமகள்களுக்குள் யார் மூத்தவள் என்பது அவளுடைய வயசை வைத்தும் இல்லை, அவள் புருஷனுடைய வயசை வைத்தும் இல்லை. யார் முதலில் வாசல் தாண்டினாள் என்பதுதான் கணக்கு. புதுப்பெண் வந்து வாசலில் நின்றதும் அவள் காலில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றுவார்கள். அந்தத் தண்ணீர் காலில் பட்ட நேரம்தான் அந்த வீட்டில் அவள் பிறந்த நேரம். அதற்கு முதல் நாள் பிறந்த கைக்குழந்தைகூட அவளுக்கு மூத்தது. மொஜிசோலா, அண்ணன் அயின்லாவுக்கு வாழ்க்கைப்பட்டு முதல் மழை விழுந்த மாதத்தில் மேளதாளத்தோடு வந்தவள். சாலேவா, தம்பி போடேவுக்கு வாழ்க்கைப்பட்டு அதே வருஷம் சேனை வெட்டுகிற காலத்தில் வந்தவள். ஆகவே மொஜிசோலா அக்கா, சாலேவா சின்னவள். இதில் குழப்பமே கிடையாது, சாலேவா அதற்கு முன்னால் ஒரு தடவை அந்த வாசலுக்கு வந்திருந்தாள் என்கிற ஒன்றைத் தவிர.

அந்த ஒன்றைப் பற்றி வீட்டில் யாரும் பேசியதில்லை. தெரியாமல் இல்லை. தெரிந்ததனால்தான் பேசவில்லை. மொஜிசோலா வருவதற்கு முந்தைய புழுதிக்காற்று மாதத்தில், அப்பன் சம்மதிக்காமல், போடேவின் பிள்ளையை வயிற்றில் சுமந்துகொண்டு, ஒரே ஒரு பையோடு சாலேவா இந்த வீட்டுக்கு ஓடி வந்தாள். மாமியார் உள்ளே சேர்த்துக்கொண்டாள். கொஞ்ச நாளில் தன் ஊரான அப்போமுவிலிருந்து அப்பன் ஆள் அனுப்பி அவளைத் திரும்ப இழுத்துக்கொண்டு போனான். அப்பன் வீட்டில் ஐந்தாவது மாதம் வயிற்றில் இருந்தது தங்கவில்லை. அப்புறம் பெரியவர்கள் பேசினார்கள், சம்மதத்துக்கு அடையாளமாகக் கோலாக் கொட்டை உடைத்தார்கள், சீர் வந்தது, போனது, சேனை வெட்டுகிற காலத்தில் அவளை முறைப்படி அழைத்து வந்து காலில் தண்ணீர் ஊற்றினார்கள். நடுவில் மொஜிசோலா வந்துவிட்டிருந்தாள்.

இப்போது லபாகே சொல்வது என்னவென்றால், அந்த முதல் தடவையும் தண்ணீர் ஊற்றப்பட்டது, ஊற்றியது அவள்தான், ஊற்றச் சொன்னது அவளுடைய அம்மா. ஆகவே சாலேவாதான் மூத்தவள். முப்பது வருஷம் வீடு தலைகீழாக நடந்திருக்கிறது.

சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. கஞ்சியம்மா, அதாவது மாமனாரின் தம்பி பெண்டாட்டி, வாழ்நாளெல்லாம் மக்காச்சோளக் கஞ்சி விற்று அந்தப் பேரை வாங்கியவள், இந்த வீட்டு மருமகள்களுக்கெல்லாம் தலைவியாக இருந்தாள். அவள் நிறைந்த வயசில் போய்ச் சேர்ந்துவிட்டாள். இனி வாசல் தாண்டிய வரிசையில் அடுத்தவள்தான் தலைவி. நாளை ஊர்வலத்தில் மருமகள்களுக்கு முன்னால் நடந்து பாட்டெடுக்க வேண்டியவள் அவள். அதற்கப்புறம் இறைச்சி பங்கு வைப்பது, எந்த விசேஷத்துக்கு என்ன துணி எடுப்பது, எந்த மருமகளை எப்போது அடக்கி வைப்பது எல்லாம் அவள் கையில். லபாகேவுக்கோ மொஜிசோலா பேரைக் கேட்டாலே வயிறு எரியும். லபாகே மகன் கல்யாணத்துக்கு இந்த வீட்டு மருமகள்கள் எல்லோரும் ஒரே துணியில் போனார்கள். துணியைத் தேர்ந்தெடுத்தது மொஜிசோலா. கத்திரிப்பூ நிறம். போய் இறங்கினால் பெண் வீட்டாரும் அதே கத்திரிப்பூ நிறம். படமெடுத்தவன் மருமகள்களையெல்லாம் அந்தப் பக்கம் கொண்டுபோய் நிற்க வைத்துவிட்டான். இன்றைக்கும் லபாகே வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிற படத்தில் அவளுடைய ஆட்களாக நான்கு கிழவர்கள்தான் நிற்கிறார்கள், மற்றதெல்லாம் சம்பந்தி வீடு. மொஜிசோலா வேண்டுமென்றே செய்தாள் என்பது லபாகேவின் முடிவு. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்பது மொஜிசோலாவின் பதில். அதில் எது உண்மை என்று சாலேவாவுக்கு இன்றுவரை தெரியாது.

முற்பகலுக்குள் வீடு இரண்டுபட்டுவிட்டது. இரண்டுபட்டது என்று சொல்வதும் சரியில்லை, எந்தப் பக்கம் சாய்வது என்று தெரியாமல் எல்லோரும் மதில்மேல் பூனையாக நின்றார்கள். பின்னால் வந்த மருமகள்கள் காலை வணக்கத்தை யாருக்கு முதலில் போடுவது என்று தெரியாமல் கொல்லைப்புற வழியாகவே போய் வந்தார்கள். கடைசி மருமகள் டமிலோலா கெட்டிக்காரி. பொரித்த இறைச்சியில் தலைவிக்கு உரிய கல்லீரல் கிண்ணத்தை அவளிடம் கொடுத்தனுப்பினார்கள். மொஜிசோலா ஒரு பக்கம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், சாலேவா இன்னொரு பக்கம் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள். டமிலோலா கிண்ணத்தை இருவருக்கும் சரி நடுவில் தரையில் வைத்து, யாரையும் பார்க்காமல் பொதுவாக ஒரு முழங்கால் போட்டுவிட்டு ஓடிப்போனாள். கல்லீரலை இருவரும் தொடவில்லை. கடைசியில் கோழி வந்து கொத்தியது. கோழியை விரட்ட இருவருமே எழுந்தார்கள், பிறகு இருவருமே உட்கார்ந்துகொண்டார்கள்.

வீட்டுத் தலைவர் அயின்லாவிடம் லபாகே நியாயம் கேட்டாள். அயின்லா நல்ல மனுஷர். கொக்கோத் தோப்பில் யாராவது ஒரு காயைத் திருடினால்கூட மூன்று ஊருக்குக் கேட்கிற மாதிரி சத்தம் போடுவார். இப்போது மட்டும் அவர் வாயில் கொழுக்கட்டை. ஒரு பக்கம் கூடப்பிறந்தவள், மறுபக்கம் கட்டியவள். அடக்கத்துக்கு வாங்கிய மாடு கட்டை அவிழ்த்துக்கொள்ளும் போலிருக்கிறது, பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவர் மாட்டோடேயே உட்கார்ந்துவிட்டார்.

சாலேவா மிளகாயை அப்படியே போட்டுவிட்டு இஃபே சாலைக்குப் போய்விட்டாள். சாலையோரத்தில்தான் அவளுடைய அடுப்பு. தோல் கறுத்துக் கனிந்துபோன வாழைக்காயைப் பிசைந்து, மிளகாயும் உப்பும் சேர்த்து, செம்பனை எண்ணெயில் கருகும் பதம் வரை பொரித்து உருட்டினால் இகிரே டோடோ. இபாடானுக்கும் இஃபேக்கும் போகிற வண்டிகளெல்லாம் இதற்காகவே இங்கே நிற்கும். நாளை அடக்கத்துக்கு வருகிறவர்களுக்கும் டோடோ வேண்டும் என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள். அது நல்ல சாக்காகப் போயிற்று. எண்ணெய் முன்னால் உட்கார்ந்தால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்று நினைத்தாள். அவள் மனசு கேட்கும் என்பது ஞாபகமில்லை.

நினைவு இருந்தது. நிறையவே இருந்தது, வேண்டியது மட்டும் இல்லை. வண்டி நிலையத்திலிருந்து நடந்து வந்தது, முழங்கால் வரை செம்புழுதி, உதடு வெடித்து உப்புக்கரித்தது, எல்லாம் நேற்று நடந்த மாதிரி இருந்தது. மாமியார் கதவருகே நின்று முதலில் வயிற்றைப் பார்த்தாள், அப்புறம்தான் முகத்தைப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற சிறுமி லபாகேவிடம் என்னவோ சொன்னாள். லபாகே ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். தண்ணீர் காலில் விழுந்தபோது சில்லென்று இருந்தது, கால்விரல்கள் தானாக மடங்கின. அவ்வளவுதான். அது புதுப்பெண்ணின் காலுக்கு ஊற்றிய தண்ணீரா, நடந்து வந்தவளின் தூசியைக் கழுவ ஊற்றிய தண்ணீரா? பெண்ணின் காலுக்கு என்றால் யாராவது 'வீடு குளிரட்டும்' என்று சொல்லியிருக்க வேண்டும். கஞ்சியம்மா முற்றத்தில் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாள், அவள் என்னவோ சொன்னாள். ஆனால் கஞ்சியம்மா எப்போதும் என்னவோ சொல்லிக்கொண்டிருப்பவள். சுரைக்குடுவையில் ஊற்றினார்களா, குளிக்கிற குவளையிலா? வாசலுக்கு வெளியே நின்றாளா, உள்ளேயா? கஞ்சியம்மா உயிரோடிருந்த வரை எந்த நாளிலும் அவளைக் கேட்டிருக்கலாம். கேட்க வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. மாமியாரோ போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. இரண்டாம் தடவை, மேளத்தோடு அழைத்து வந்து ஊற்றியபோது, சாலேவாவின் மனசு அப்பன் வீட்டுக் கொல்லையில் இருந்தது. அங்கே எந்த இடத்தில் புதைத்தார்கள் என்றுகூட அவளுக்குச் சொல்லவில்லை. அதனால் அந்தத் தண்ணீரும் சரியாக ஞாபகமில்லை.

மத்தியானம் போடே சாப்பிட வந்தார். அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆமலாக் களி உருண்டையைக் கீரையில் தோய்த்துத் தோய்த்து விழுங்கினார். விஷயம் அவர் காதுக்கும் போயிருந்தது. அன்றைக்கு நான் கொக்கோ மூட்டையோடு இபாடானுக்குப் போயிருந்தேனே, எனக்கு எப்படித் தெரியும் என்றார். அது சாலேவாவுக்கும் தெரியும். அப்புறம், தானாக வருகிற பதவியை வேண்டாம் என்று சொல்வது புத்திசாலித்தனமா என்று கேட்டார். தம்பிக்கு வாழ்க்கைப்பட்டவள் அண்ணன் பெண்டாட்டிக்கு முன்னால் நடந்தால் அவருக்கும் கொஞ்சம் குளிர்ச்சிதான், அது முகத்திலேயே தெரிந்தது. அந்தப் பிள்ளையைப் பற்றி உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா என்று சாலேவா கேட்டாள். எந்தப் பிள்ளை என்றார் போடே. அவள் வாணலியில் கரண்டியைப் போட்டுக் கிளறினாள். கொஞ்ச நேரம் கழித்து அவருக்கே பிடிபட்டது. "ஓ, அதுவா," என்றார். "அதெல்லாம் இப்ப எதுக்கு?" கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார். அவர் மேல் கோபப்படவும் அவளுக்குத் தெரியவில்லை. கேட்டது தப்பா, இத்தனை வருஷம் கேட்காமல் இருந்தது தப்பா என்று அதையே போட்டு உருட்டிக்கொண்டிருந்தாள். ஒரு ஈடு டோடோ கரியாகிப் போனது.

வெயில் சாய்கிற நேரத்தில் மொஜிசோலா சாலையோரத்துக்கு வந்தாள். அவள் இந்தப் பக்கம் வந்து வருஷக்கணக்காகிறது. கவிழ்த்துப் போட்டிருந்த பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். சாலேவாவின் முழங்கால் வழக்கம்போல மடங்கப் பார்த்தது, காலையில் பல்லழகி லபாகே பிடித்த இடம் ஞாபகம் வந்தது, நடுவில் நின்றது. மொஜிசோலா அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி ஒரு டோடோவை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, காரம் கம்மி என்றாள்.

இந்த மொஜிசோலாவைப் பற்றி ஒரே வார்த்தையில் நல்லவள், கெட்டவள் என்று சொல்லிவிட முடிந்தால் சாலேவாவுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். கோழி அறுத்தால் ஈரல் தனக்கு, கழுத்து சின்னவளுக்கு என்று முப்பது வருஷம் பங்கு வைத்தவள் இவள்தான். சாலேவாவின் மகன் டிமெஜிக்குக் காய்ச்சலில் கண் சொருகியபோது, அவள் மயங்கி விழ, பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு செருப்பில்லாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடியவளும் இவள்தான். அடிக்கிற கைதான் அணைக்கும் என்பார்கள், அதில் எந்தக் கையை ஞாபகம் வைத்துக்கொள்வது என்று சொன்னவர்கள் இல்லை.

"உனக்கு என்னதான் வேணும்? அவ சொல்றத விடு, உன் வாயால சொல்லு," என்றாள் மொஜிசோலா.

"தெரியலக்கா."

"இன்னும் அக்காதானா?"

"வாய் பழகிடுச்சு."

மொஜிசோலா மென்றுகொண்டே சாலையைப் பார்த்தாள். ஆள் ஏற்றிப் போகிற ஒரு டான்ஃபோ வேன் நின்றது, சாலேவா எழுந்து போய் ஜன்னல் வழியாக நான்கு பொட்டலம் கொடுத்துவிட்டு வந்தாள். வந்து உட்கார்ந்ததும் வார்த்தை தானாக வந்தது.

"முன்னால நடக்கறதுல எனக்கு ஒண்ணும் இல்ல. அந்தத் தண்ணிய எதுக்கு ஊத்தினாங்கன்னு மட்டும் தெரிஞ்சாப் போதும்."

"தெரிஞ்சு என்ன செய்யப் போற?"

"பொண்ணு காலுக்குன்னு ஊத்தியிருந்தா, அப்ப என் வயித்துல இருந்தது இந்த வீட்டுப் புள்ள. தூசிக்குன்னு ஊத்தியிருந்தா... அது ரோட்டோட வந்துச்சு, ரோட்டோட போயிருச்சு. அதுக்கு வீடே கிடையாது."

முப்பது வருஷத்தில் இதை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லிவிட்டு, ஏன் சொன்னோம், அதுவும் இவளிடம் ஏன் சொன்னோம் என்று பதறினாள். மொஜிசோலாவின் வாய் மெல்லுவதை நிறுத்தியிருந்தது.

"ஆணா, பொண்ணா?"

"யாரும் சொல்லல. நானும் கேக்கல."

மொஜிசோலா கையிலிருந்த எண்ணெயைத் துணியில் துடைத்தாள். மெதுவாக, ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். "இருந்திருந்தா என் குன்லேக்கு மூத்தது," என்றாள். அது குற்றச்சாட்டா, கணக்கா, வேறு ஏதாவதா என்று குரலில் தெரியவில்லை. குன்லே அவளுடைய மூத்த மகன், அந்தத் தலைமுறைக்கே முதல் பிள்ளை என்று ஊர் அறிந்தவன். ஊர்வலத்தில் பாடுகிற வீட்டுப் பாட்டில் முதல் பேர் அவன் பேர்தான். மொஜிசோலா எழுந்தாள், கேட்காமலே இரண்டு பொட்டலம் டோடோவை எடுத்துக்கொண்டு நடந்தாள். சாலேவா அவள் போவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். தலைத்துணி முடிச்சு இடப்பக்கம் சாய்ந்திருந்தது, கூப்பிட்டுச் சொல்லலாமா என்று நினைத்து விட்டுவிட்டாள்.

அன்று சாயங்காலம் முற்றத்தில் எல்லோரையும் கூட்டி லபாகே நடந்ததைச் சொன்னாள். அவள் கதை காலையில் இருந்ததைவிட நன்றாக வளர்ந்திருந்தது. காலையில் வெறும் தண்ணீராக இருந்தது, இப்போது சுரைக்குடுவைத் தண்ணீர் ஆகியிருந்தது. உங்கள் அம்மா சரியாக என்ன சொல்லி ஊற்றச் சொன்னார்கள் என்று மொஜிசோலா அமைதியாக ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "ஊத்துன்னு சொன்னா. சின்னப் பொண்ணு நான், ஊத்தினேன். எதுக்குன்னு விளக்கவா செய்வாங்க?" என்றாள் லபாகே. அந்த ஒரு பதில் மட்டும் உண்மை போலத் தோன்றியது. அப்புறம் எல்லோரும் சாலேவாவைப் பார்த்தார்கள். கால் அவளுடைய கால், அவளுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? ஆமாம் என்று சொன்னால் வயிற்றில் இருந்ததற்கு ஒரு வீடு கிடைக்கும். பொய்யாகக்கூட இருக்கலாம், யார் கண்டார்கள்? ஆனால் பொய்யாகக் கொடுத்த வீடு அதற்கு எதற்கு என்றும் தோன்றியது. தெரியவில்லை என்றாள் சாலேவா. லபாகே தலையில் அடித்துக்கொண்டாள். அயின்லா தொண்டையைச் செருமி, நாளை யார் முன்னால் நிற்கிறார்களோ நிற்கட்டும், மாட்டுக்கு இன்னும் தண்ணீர் காட்டவில்லை என்று எழுந்துபோனார்.

மறுநாள் தேவாலயத்திலிருந்து சவப்பெட்டி வந்ததும் மருமகள்கள் ஊர்வலத்துக்குக் கூடினார்கள். எல்லோருக்கும் ஒரே துணி, இந்தத் தடவை ஆரஞ்சு. பேச்சின் ஏற்ற இறக்கத்தை அப்படியே தட்டிக் காட்டுகிற பேசும் மேளம் வைத்திருந்தவன் இரெவோவிலிருந்து கூலிக்கு வந்தவன், இந்த வீட்டுப் பஞ்சாயத்து எதுவும் தெரியாதவன். யார் முன்னால் என்று அவன் இரண்டு தடவை கேட்டான். மொஜிசோலா வெயிலுக்குக் கையைக் கண்ணில் வைத்துக்கொண்டு எங்கேயோ பார்த்தாள். லபாகே பின்னாலிருந்து சாலேவாவின் முதுகில் கைவைத்து ஒரே தள்ளாகத் தள்ளினாள். சாலேவா போய் முன்னால் நின்றாள்.

முன்னால் ஒன்றுமே இல்லை. சாலேவா இதை எதிர்பார்க்கவில்லை. எந்த ஊர்வலத்திலும் அவளுக்கு முன்னால் மொஜிசோலாவின் முதுகு இருக்கும், அது போகிற பக்கம் போனால் போதும். இப்போது செம்மண் தெருவும், அந்தக் கோடியில் இஃபே சாலையும், அதில் நிற்கிற லாரியும் நேராகக் கண்ணில் பட்டன. எந்தக் காலை முதலில் வைப்பது என்றுகூடத் தெரியவில்லை. மேளக்காரன் அவள் முகத்தைப் பார்த்துத் தலையாட்டினான், பாட்டெடு என்று. வீட்டுப் பிள்ளைகளின் பேரைப் பிறந்த வரிசையில் கூப்பிடுகிற பாட்டு அது. முன்னால் நடப்பவள் ஒவ்வொரு பேராகச் சொல்லி இது யார் என்று கேட்பாள், பின்னால் வருகிறவர்கள் பதில் சொல்வார்கள். சாலேவா வாயைத் திறந்தாள்.

"ஒலோடே வீட்டுப் பிள்ளை," என்று பாடினாள்.

முப்பது வருஷமாக அவள் பாடியது பதிலை மட்டும்தான். கேள்வி கேட்கும் முன்னால் பதில் வந்து தெருவில் நின்றது. மருமகள்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். டமிலோலா சிரிப்பை அடக்க வாயைப் பொத்தினாள். மேளக்காரன் கை அந்தரத்தில் நின்றது. சாலேவாவுக்கு அப்படியே ஓடிப்போய் அடுப்பு முன்னால் உட்கார்ந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. மறுபடியும் முயன்றாள், மறுபடியும் அதே வரிதான் வந்தது. ஒலோடே வீட்டுப் பிள்ளை. யாரைச் சொல்கிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

அப்போது பின்னாலிருந்து குரல் எழுந்தது. பழகிய குரல், கொஞ்சம் கரகரத்த, ஊர்வலங்களில் பழுத்த குரல். இரண்டாவது இடத்திலிருந்து மொஜிசோலா பாட்டெடுத்தாள். குன்லே என்றுதான் தொடங்கும், எப்போதும் அப்படித்தான். எல்லோரும் பதிலுக்கு மூச்சிழுத்துத் தயாராக இருந்தார்கள்.

"குன்லேக்கு முந்தினது யாரு?" என்று கேட்டாள் மொஜிசோலா.

யாரும் பதில் சொல்லவில்லை. பிறக்காமல் போனதைப் பிறந்தவர்களின் பேரோடு சேர்த்து, அதுவும் சாவு வீட்டில், தெருவில் வைத்துக் கூப்பிடுவது யாரும் செய்யாத காரியம். லபாகேவின் முகத்தில் ரத்தம் இல்லை. அயின்லா வாசலில் நின்றபடி தொப்பியைக் கழற்றினார். அவருக்குப் பக்கத்தில் போடே நின்றிருந்தார், சாலேவா அந்தப் பக்கம் பார்க்கவில்லை. மொஜிசோலா விட்டுக்கொடுக்கிறாளா, எல்லோர் முன்னாலும் குத்திக்காட்டுகிறாளா, அல்லது அவளுக்கே தெரியாமல் வாய் தவறியதா? திரும்பி அவள் முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் முன்னால் நடக்கிறவள் திரும்பிப் பார்க்கக் கூடாது. சாலேவாவுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது, அது எதற்காக என்றும் புரியவில்லை. பதில் சொல்ல வேண்டிய வரி அவளுக்குத் தெரிந்த ஒரே வரி. இந்தத் தடவை அதுகூட வரவில்லை.

மேளக்காரனுக்கு இதெல்லாம் தெரியாது. அவனுக்குத் தெரிந்தது, கேள்வி வந்துவிட்டது, பதில் தாமதமாகிறது என்பதுதான். பதில் என்ன என்பதைச் சாலேவா வாயிலேயே இரண்டு தடவை கேட்டிருந்தான். மேளத்தை அக்குளில் இறுக்கி, குரல் ஏறி இறங்குகிற அதே ஏற்ற இறக்கத்தில், வளைந்த கோலால் அவனே தட்டினான். ஒலோடே வீட்டுப் பிள்ளை என்று மேளத்தோல் தெளிவாகச் சொன்னது. தெருவின் இரு பக்கமும் நின்றவர்கள் காதில் விழும்படி, சாலையில் நின்ற லாரிக்காரன் எட்டிப் பார்க்கும்படி, இரண்டு தடவை சொன்னது. பிறகு அவன் கோலை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, முன்னால் நின்றவளைப் பார்ப்பதா, பின்னால் பாடியவளைப் பார்ப்பதா என்று தெரியாமல், அடுத்த பேருக்காகக் காத்து நின்றான்.